மெனுக்காரி

இல்ல டாக்டர், எங்க வீட்டுக்காரரு டைப் அடிக்கறதில்ல. நான்தான் அடிக்கறேன். அவரு பக்கத்துல உக்காந்து சொல்லுவாரு, நான் அடிப்பேன். சிரிப்பு வருதா? சிரிங்க, பரவால்ல. எங்க நாத்தனார் கேட்டுட்டு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. நீங்க நாகரிகமாத்தான் சிரிக்கறீங்க.

எக்ஸ்ரே எடுக்கக் கீழ போயிருக்காரு. அங்க கூட்டம் நிக்குது, இப்ப வரமாட்டாரு. பழைய டாக்டரா இருந்தா இவ்வளவு சொல்ல வேண்டியதில்ல, அவருக்கு எங்க கதை அத்துப்படி. நீங்க புதுசா வந்திருக்கீங்க, வேலையை எப்படிச் சமாளிக்கறார்னு கேட்டுட்டீங்க. கேட்டது உங்க தப்பு. நான் ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாதவ.

நான் தையல்காரி டாக்டர். வீட்டு முன் ரூம்லதான் மெஷின். திரைச்சீலை, யூனிஃபார்ம், பேன்ட்டு நீளம் குறைக்கறது, இடுப்பு பெருசாயிட்டா பிரிச்சு விடறது, இதான் நம்ம பொழப்பு. அவரு உள் ரூம்ல கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதறவரு. ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நடக்கறதை அவரு கேட்டதில்ல. பொண்ணு வீட்ல இருந்த வரைக்கும் அவதான் ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி. அவ படிக்கப் போனப்புறம் தபாலும் நின்னு போச்சு. சண்டையா? சண்டை போடறதுக்காவது பேசணுமே.

ஆமா, அப்புறம்தான் விழுந்தாரு. ஓடற வண்டியில இருந்து விழுந்தா ஒரு மரியாதை உண்டு. இவரு நின்னுட்டிருந்த ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தாரு. கடை வாசல்ல ஸ்டாண்டு சரியா விழல, சாஞ்ச வண்டியை ரெண்டு கையாலயும் தாங்கப் போயி ரெண்டு மணிக்கட்டும் போச்சு. இடது கை சீக்கிரம் கூடிருச்சு. வலது கையில பிளேட்டு வச்சாங்க, விரல் மடங்க மாட்டேன்னுருச்சு. அதெல்லாம் உங்க ஃபைல்லயே இருக்கும்.

ஆபீஸ்ல நல்ல மாதிரிதான். வீட்ல இருந்தே செய்யுங்க, ஆனா வேலை நின்னா வேற ஆளைப் போட வேண்டி வரும்னு டீம் லீடர் தன்மையா சொல்லிட்டாரு. தன்மையா சொன்னா பயம் இன்னும் ஜாஸ்தி. முதல்ல இவரு வாயால சொன்னா அதுவே எழுதிக்கற ஏதோ ஒண்ணைப் போட்டுப் பாத்தாரு. இவரு பிராக்கெட்னு சொன்னா அது பிரேக்ஃபாஸ்ட்னு எழுதுச்சு. இவரு கத்தினாரு, அது இன்னும் தப்பா எழுதுச்சு. மாடி வீட்டுக்காரம்மா வந்து, ஏம்மா உங்க வீட்ல சண்டையான்னு என்கிட்ட விசாரிச்சுட்டுப் போனாங்க. எனக்கு மானம் போச்சு. கதவைத் தொறந்து உள்ள போயி, எந்திரிங்க, நான் அடிக்கறேன்னுட்டேன். எதை அடிக்கப் போறேன்னு எனக்கே தெரியாது. துணியைத் தவிர வேற எதுலயும் கை வச்சதில்ல. வாய்க்கொழுப்பு, வேற என்ன?

முதல் நாளே சேவ் பண்ணுன்னாரு. எப்படின்னேன். கண்ட்ரோல் எஸ்ஸுன்னாரு. கண்ட்ரோலை அமுக்கி, நல்லபடியா விரலை எடுத்துட்டு, அப்புறம் எஸ்ஸை அமுக்கினேன். ரெண்டையும் சேத்துப் பிடிக்கணும்னு யாரு சொன்னா? சேவ் ஆகலையேன்னு திரும்பத் திரும்ப அமுக்கினேன். அவரு எழுதி வச்சதுக்கு நடுவுல வரிசையா எஸ்ஸு, பாம்பு முட்டை பொரிச்ச மாதிரி. அவரு கண்ணை மூடிக்கிட்டாரு.

ஆபீஸ்ல அவருக்குப் பேரே ஷார்ட்கட்டாம். மௌஸையே தொடமாட்டாராம். எல்லாமே விரல்லதான், கண்ட்ரோல், ஷிஃப்ட், அதோட ஒரு எழுத்து, மூணையும் ஒரே நேரத்துல பிடிப்பாராம். எனக்கு அது வரவே இல்ல. மூணு விரலை மூணு திசையில நீட்டினா எனக்கு எது என் விரல்னே குழம்பிப் போகுது. கடைசியில வெறுத்துப் போயி, மேல பாரு, ஒரு பட்டை தெரியுதா, அதுல ஃபைல்னு இருக்கா, அதை அமுக்குன்னாரு. அமுக்கினேன். அப்படியே கீழ வரைக்கும் விரிஞ்சுது. ஒவ்வொண்ணும் பேரு போட்டு, வரிசையா. இதுக்குப் பேரு மெனுன்னாரு. ஓட்டல்ல குடுப்பாங்களே அந்த அட்டை மாதிரியான்னேன். அவரு அடுத்த வரிக்குப் போயிட்டாரு. ஆனா எனக்குப் பிடிச்சுப் போச்சு டாக்டர். எதையும் மனப்பாடம் பண்ண வேணாம். என்ன வேணும்னு தெரிஞ்சா போதும், பேரு அங்க இருக்கும்.

இதுல ஒரு கொடுமை, எனக்கு மேல இருந்து படிச்சாத்தான் கீழ இருக்கறது கண்ணுல படும். வாய் விட்டுப் படிச்சாத்தான் புத்தியில ஏறும். அதனால அவரு சேவ்னு சொன்னதும் நான் ஃபைலைத் தொறந்து, நியூ ஃபைல், நியூ விண்டோ, ஓப்பன் ஃபைல், ஓப்பன் ஃபோல்டர்னு படிச்சுக்கிட்டே எறங்கி வருவேன். தினமும் போற ஓட்டல்ல தினமும் அட்டை முழுக்க வாசிச்சுட்டு, கடைசியில வழக்கமா சாப்பிடறதையே கேப்பாங்களே சில பேரு, அந்த ரகம். அவரு பல்லைக் கடிக்கற சத்தம் எனக்குக் கேக்கும். ஒரு நாள் மீட்டிங்ல மைக்கை அணைக்க மறந்துட்டோம். நான் படிச்சது முழுக்க அங்க ஆபீஸ் பூரா கேட்டிருக்கு. அன்னைல இருந்து எனக்கு அங்க மெனுக்காரின்னு பேரு. டீம் லீடர் இப்பவும் மெனுக்காரி அக்கா நல்லா இருக்காங்களான்னுதான் ஆரம்பிப்பாரு.

அந்தப் பிராக்கெட்டுங்க இருக்கே, அதுங்களுக்கு நான் வச்ச பேரு வேற. வளைஞ்சு வளைஞ்சு இருக்கறது மீசை. கட்டமா இருக்கறது பெட்டி. கால் முளைச்ச புள்ளி ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு வரிக்கும் கடைசியில போடணும், மறந்தா குடி முழுகிப் போச்சு. அவரு முதல்ல முறைச்சாரு. அப்புறம் அவரே மீசையைத் தொற, பெட்டியை மூடுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.

கேளுங்க, இன்னொண்ணு. வியூன்னு ஒரு மெனு. வேலையில்லாத நேரத்துல அதை நோண்டிட்டிருந்தேன். எதையோ அமுக்கினேன், அந்தப் பட்டையே காணோம். ஃபைலும் இல்ல, எடிட்டும் இல்ல, வியூவும் இல்ல. திரும்ப வரவழைக்கணும்னா வியூவுக்குள்ள போகணும், அந்த வியூதான் போயிருச்சு. உக்காந்திருக்கற கிளையை வெட்டினவன் கதையை சின்னப் புள்ளைல கேட்டிருக்கேன். நானே அவனாவேன்னு நெனைக்கல. அவரு சாப்பிட்டுட்டு வந்து திரையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ஒரு பட்டனை அமுக்கச் சொன்னா வந்துரும், அவருக்குத் தெரியும். சொல்லலையே. எங்க, இப்ப சேவ் பண்ணு பாப்போம்னு கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. அந்த மனுஷனுக்கு விளையாடத் தெரியும்ங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷம்.

கமென்ட்னு ஒண்ணு உண்டு. எடிட்டுக்குள்ள இருக்கும். ஒரு வரியில நின்னுக்கிட்டு அதை அமுக்கினா, அந்த வரி அங்கயே இருக்கும், எல்லாரும் படிக்கலாம், ஆனா கம்ப்யூட்டர் அதைக் காதுல போட்டுக்காதாம். அவரு விளக்கிச் சொன்னதும், சரி சரி, இந்த வீட்ல நான் பேசறது மாதிரின்னேன். சும்மா வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். மறுநாள் சாப்பிடும்போது, அந்த பச்சைத் திரைச்சீலை யாருக்குன்னு கேட்டாரு. நான் தைக்கறது என்ன கலர்னு அவருக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது டாக்டர். வாயில வச்சதை முழுங்க மறந்துட்டேன்.

இருங்க, கைக்கு வர்றேன். நடுவுல ஒரு பெரிய கூத்து நடந்துச்சு, அதைச் சொல்லாம கைக்கு வர முடியாது.

இவங்க ஒரு சரக்குக் கிடங்குக்கு புரோகிராம் செய்யறாங்க. மறுநாள் காலையில கிடங்குக்காரங்க வந்து பாக்கறதா இருந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் முதுகு ஒடிய அடிச்சோம். நான் அடிச்சேன், அவரு ஒடிஞ்சாரு. அப்ப, இந்த ஃபைல்ல ரேட்னு இருக்கற எடத்துல எல்லாம் பிரைஸ்னு மாத்துன்னாரு. சொல்லிட்டு அவரு பாத்ரூம் பக்கம் போனாரு. நான் எடிட்டைத் தொறந்தேன், மேல இருந்து படிச்சேன். ரீப்ளேஸ்னு ஒண்ணு, அதுக்குக் கீழ ரீப்ளேஸ் இன் ஃபைல்ஸ்னு ஒண்ணு. ஃபைல்லன்னுதான சொன்னாரு, இதுலதான் ஃபைல்னு இருக்குன்னு ரெண்டாவதை அமுக்கினேன். எவ்வளவு புத்திசாலி பாருங்க. ரேட்டுன்னு அடிச்சேன், பிரைஸ்னு அடிச்சேன், எல்லாத்தையும் மாத்தவான்னு கேட்டுச்சு. மாத்து மகராசான்னு அமுக்கிட்டேன்.

அந்த ஃபைல் மட்டும் இல்ல, அந்தக் கிடங்கு புரோகிராம் மொத்தத்துலயும் மாத்திருச்சு. அதுவும் ரேட்டுங்கற வார்த்தையை மட்டும் இல்ல, எந்த வார்த்தைக்கு வால்ல அந்த நாலு எழுத்து இருந்தாலும் பிடிச்சு மாத்திருச்சு. ஜெனரேட்டுன்னு இருந்தது ஜெனபிரைஸ். செப்பரேட்டு செப்பபிரைஸ். நான் அதோட விட்டேனா? வேலை முடிஞ்சா துணுக்கெல்லாம் பெருக்கி எடுத்து வைக்கற பழக்கம் எனக்கு. ஃபைலுக்குள்ள போயி சேவ் ஆல், அப்புறம் எல்லாத்தையும் மூடுன்னு ஒண்ணு இருக்கு, அதையும் அமுக்கி, திரையைத் துடைச்ச மாதிரி வச்சுட்டு, அவரு வந்து பாராட்டுவாருன்னு உக்காந்திருந்தேன்.

வந்து பாத்தாரு. ஓட்டிப் பாக்கச் சொன்னாரு. திரை முழுக்கச் சிவப்பு. அண்டூ பண்ணுன்னாரு, அதாவது கடைசியா செஞ்சதை ஒவ்வொண்ணா பின்னால எடுக்கறது. எல்லாத்தையும் மூடிட்ட அப்புறம் அண்டூ எதைப் பண்ணும்? காலையில இருந்து செஞ்சதுக்கு வேற எங்கயும் நகல் எடுத்து வைக்கல. முந்தின நாள் இருந்த நிலைக்குத்தான் போக முடியும்னாரு. தையல்ல தப்புன்னா பிரிச்சுடலாம். வெட்டுல தப்புன்னா துணி போச்சு, அவ்வளவுதான். நான் துணியை வெட்டிட்டேன் டாக்டர். ஒரு ஆளோட வேலையையே வெட்டிட்டேன்னு நெனைச்சேன். கத்துவாருன்னு காத்திட்டிருந்தேன். கத்தினா அழுதுடலாம்னு தயாரா இருந்தேன்.

அவரு திரையையே பாத்துட்டிருந்தாரு. அப்புறம் மெதுவா, ஜெனபிரைஸ்னு வாசிச்சாரு. செப்பபிரைஸ்னு வாசிச்சாரு. தோள் குலுங்குச்சு. அழறாரோன்னு பதறிட்டேன். சிரிக்கறாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, துடைச்சுக்கக் கூட அவருக்குத் தோணல, நான்தான் முந்தானையால துடைச்சு விட்டேன். அவரு சிரிக்க நான் சிரிக்க, மாடி வீட்டம்மா மறுபடியும் எட்டிப் பாத்தாங்க.

அப்புறம் மறுபடி முதல்ல இருந்து. ஆனா இந்தத் தடவை அவரு வெறுமனே எழுத்தைச் சொல்லல. இது சரக்கு உள்ள வர்ற எடம், இது வெளிய போற எடம், இங்க கணக்கு இடிச்சா இந்தப் பக்கம் போகணும்னு சொல்லிச் சொல்லித்தான் அடிக்க வச்சாரு. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுட்டோம். காலையில அடிச்சதை விட இது சுத்தமா இருக்குன்னாரு. என்னைப் பாத்து இல்ல, திரையைப் பாத்துச் சொன்னாரு. இருந்தாலும் அந்த ரூம்ல வேற யாரு இருந்தா? கிடங்குக்காரங்களும் வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னுட்டாங்க.

அதுக்கப்புறம் பொழுது போறதே தெரியல. காலையில நான் என் மெஷின்ல ரெண்டு உருப்படி முடிப்பேன். அப்புறம் உள் ரூம்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்துருவேன். நடுநடுவுல ஊர்க்கதை, பொண்ணு கதை, அவரு ஆபீஸ்ல யாரு யாரோட பேசறதில்லங்கற கதை. பொண்ணு போன் பண்ணினா, பின்னாடி யாரும்மா சிரிக்கறது, டிவியான்னு கேக்கறா. உங்கப்பாடின்னேன். போனை அவருகிட்ட குடு, நானே கேக்கறேன்னுட்டா.

கையா? கை நல்லாயிருச்சு டாக்டர்.

ஆமா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா சுத்திச் சுத்தி வர்றேன். அவரு விரல் மடங்கலைன்னுதான் சொல்லுவாரு. போன தடவையும் அப்படித்தான் சொன்னாரு. பாவம், பழைய டாக்டர் அதை நம்பிட்டு மருந்தை வேற மாத்திக் குடுத்தாரு.

எனக்கு எப்படித் தெரியும்னா, ஒரு நாள் யூனிஃபார்ம் குடுத்துட்டு வரப் போனேன். அந்த வீடு பூட்டியிருந்துச்சு, சீக்கிரமே திரும்பிட்டேன். வாசல்ல செருப்பைக் கழட்டும்போது உள்ள சத்தம். தகரத்துல மழை பெய்யற மாதிரி. கதவு இடுக்குல பாத்தேன். பத்து விரலும் ஓடுது. தலையை லேசா சாய்ச்சுக்கிட்டு, கீபோர்டைப் பாக்கவே இல்ல, அப்படியே ஓடுது. நான் அடிக்கறது எல்லாம் என்ன அடி, கோழி கொத்தற மாதிரி. இதுதான் அடிக்கறதுன்னு நின்னு பாத்தேன். ஷார்ட்கட்னு சும்மாவா பேரு வச்சாங்க.

கோவம் வராம இருக்குமா? வந்துச்சு. ஒரு ஸ்கூல் ஆர்டரையே வேணாம்னு வேற ஆளுக்கு விட்டிருந்தேன், இவருக்கு அடிச்சுக் குடுக்கணும்னு. என்னை என்னன்னு நெனைச்சுட்டிருக்காரு, வர்றேன் இருன்னு உள்ள போகத்தான் பாத்தேன். என்னமோ கால் பின்னாடி வந்துருச்சு. செருப்பை மாட்டிக்கிட்டு தெருமுனைக் கடைக்குப் போயி, வீட்ல இருக்கற நூலையே இன்னொரு கண்டு வாங்கிட்டு வந்து, கதவை பலமா தட்டினேன். போயி பாத்தா கையை மடியில வச்சுக்கிட்டு சாதுவா உக்காந்திருக்காரு. திரையில ஒண்ணுமே இல்ல. வெள்ளையா கெடக்கு. வந்துட்டியா, வா, இன்னிக்குப் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கணும்னாரு.

நான் எடிட் மெனுவைத் தொறந்தேன். பழக்க தோஷம். அண்டூவுக்குக் கீழ ரீடூன்னு ஒண்ணு இருக்கும் டாக்டர். அண்டூ பண்ணி அழிச்சதைத் திரும்பக் கொண்டு வர்றதுக்கு. எதையும் அழிக்காதப்ப அது மங்கலா உயிரில்லாம கெடக்கும், அமுக்கினாலும் அசையாது. அன்னிக்குப் பளிச்சுன்னு இருந்துச்சு. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. அவரு தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போனப்ப அதை அமுக்கினேன். வரி வரியா திரும்பி வந்துச்சு. முழு வேலையும் முடிச்சு வச்சிருக்காரு டாக்டர். அழகா, மீசை பெட்டி எல்லாம் மூடி, ஓட்டிக் கூடப் பாத்திருப்பாரு. முடிச்சுட்டு, நான் வர்ற சத்தம் கேட்டதும் அண்டூ பண்ணி அண்டூ பண்ணி வெள்ளையாக்கி வச்சிருக்காரு. எதுக்கு? நான் வந்து ஸ்டூலைப் போட்டு உக்காந்து, மறுபடி ஒவ்வொரு எழுத்தா கொத்தணும்னு.

நான் எல்லாத்தையும் திரும்ப அண்டூ பண்ணி, பழையபடி வெள்ளையா வச்சுட்டேன். அவரு வந்து சொல்லச் சொல்ல அடிச்சேன். அதே வரிதான். ஒரு மீசையை வேணும்னே மூடாம விட்டேன். எட்டிப் பாத்து, இங்க பாரு மெனுக்காரி, மீசைன்னாரு.

இல்லல்ல, பொய்யா எழுதிக் குடுங்கன்னு கேக்கறதுக்கு வரல. ஆபீஸ்ல கேட்டிருக்காங்க, கை சரியாயிருச்சுன்னா நேர்லயே வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் இன்னிக்கு உங்ககிட்ட அனுப்பியிருக்காங்க. உள்ளது உள்ளபடி எழுதுங்க, அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆபீஸ் போனா போகட்டும், சாயங்காலம் வீட்டுக்குத்தான வரணும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். என்னை வச்சுக்கிட்டு சொல்லிடாதீங்க. விரலை மடக்குங்க நீட்டுங்கன்னு என் முன்னாடி செய்ய வைக்காதீங்க. அந்த மனுஷனுக்கு, நீ பக்கத்துல உக்காருன்னு வாய் தொறந்து கேக்கத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. அதனால கையை மடியில வச்சுக்கிட்டு இவ்வளவு நாள் உக்காந்திருக்காரு. என் எதிர்ல கையும் களவுமா பிடிபட்டா அப்படியே சுருங்கிப் போயிருவாரு. நல்லாயிருச்சுன்னு அவரா வீட்டுக்கு வந்து சொன்னா சொல்லட்டும். சொல்லாட்டியும் நான் ஸ்டூலைப் போட்டு உக்காரத்தான் போறேன்.

வந்துட்டாரு போல இருக்கு. பாருங்க, கதவைக் கையால தள்ளாம தோளால தள்ளிட்டு வர்றாரு. நேத்து நான் திருகித் திருகிப் பாத்து விட்டுட்ட பாட்டில் மூடியை, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் தொறந்து வச்சது பேய்னு நெனைச்சுக்குவேனாக்கும்.

வாங்க, டாக்டர் உங்களைத்தான் கேட்டுட்டிருந்தாங்க. நீங்க பேசிட்டு வாங்க. நான் வெளிய இருக்கேன்.